மீட்டர் முள் எழுந்த மத்தியானம்

பெரிய கெபாசிட்டரைக் காலி செய்த பிறகு, அதன் இரண்டு முனைகளையும் ஒரு செம்புக் கம்பியால் சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் செய்வதில்லை. என் அண்ணன் செய்வார். வாசலில் லோடு வண்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாலும், கம்பியைச் சுற்றி, நுனியை மடக்கி, ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் நிமிர்வார்.

"பொணத்துக்குக் கால் கட்டைவிரலைக் கட்டற மாதிரியே இருக்குதுண்ணா" என்று ஒருநாள் சொன்னேன்.

"ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். எழுந்து உக்காந்துடக் கூடாது" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் சாவைப் பற்றி அப்படித்தான் பேசுவோம், அபசகுனம் என்று யாராவது திட்டுகிற வரைக்கும்.

பெங்களூர் அடுகோடியில் கீழே பட்டறை, மேலே அண்ணன் வீடு. ஒரு பக்கம் லேத், இன்னொரு பக்கம் மாவு மில். இரண்டுக்கும் நடுவில் நாங்கள், வைட்ஃபீல்ட் ஆபீஸ்களில் இருந்து வரும் பழுதான பெரிய யூபிஎஸ்களைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தங்கச்சி நான், அல்சூரில் இருந்து பஸ்ஸில் வருவேன். இருவரும் ஒரே டிப்ளமா, ஒரே வேலை. அவருக்குப் பொறுமை அதிகம், எனக்கு வாய் அதிகம். கஸ்டமரிடம் பேசுவது நான், பொருளோடு பேசுவது அவர்.

பட்டறையில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. மின்சாரம் ஏற்றின எதையும் தொடுவதற்கு முன்னால், தொடுகிறவர் "கை!" என்று கத்த வேண்டும். கத்தினதும் அங்கே இருக்கிற அத்தனை பேரும், டீ கொண்டுவந்தவர் உட்பட, இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றுவிட வேண்டும். அண்ணனுக்கு அசாத்தியமான குரல். மாடியில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும் அண்ணிக்கும் கேட்கும். பல வருஷம் கேட்டுக் கேட்டு, அவளும் அடுப்படியில் கரண்டியைப் போட்டுவிட்டுக் கைகளை மார்பில் வைத்துக்கொள்வாள். "உங்கண்ணனால என் தோசை எல்லாம் கருகுது" என்பாள். நான் அதைச் சொல்லிச் சொல்லி அவளைக் கேலி செய்வேன்.

இந்தக் கெபாசிட்டர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பால் பவுடர் டப்பா உயரத்துக்கு அலுமினிய உருளை, தலையில் இரண்டு முனைகள். மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். வெளியே இருந்து பார்த்தால் நிறைந்ததும் ஒன்றுதான், காலியானதும் ஒன்றுதான். சத்தம் இல்லை, சூடு இல்லை, வாசனை இல்லை. ஸ்குரு டிரைவரை இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்து 'டப்' என்று காலி செய்கிற வீரர்கள் உண்டு. ஸ்குரு டிரைவரின் நுனி உருகிப் போகும், சில சமயம் கண்ணும் போகும். எங்களிடம் ஒரு பலகையில் வரிசையாகக் குண்டு பல்புகள் இருந்தன. நீளமான ஃபைபர் கோல்களின் நுனியில் கொக்கி போட்டு, அவற்றின் வழியாகப் பல்பு வரிசையைக் கெபாசிட்டரோடு சேர்ப்போம். பல்புகள் எரிந்து, மங்கி, சிவந்து, அணையும். அணைந்துவிட்டதே என்று தொட்டால் மாட்டிக்கொள்வோம், ஏனென்றால் பல்பை எரிய வைக்கப் போதாத மின்சாரம் மிச்சம் இருக்கும். அதையும் காலி செய்துவிட்டு மீட்டர் வைத்துப் பார்ப்போம். முள் பூஜ்யத்தில் படுத்துவிடும்.

அதற்கப்புறம்தான் எனக்குப் பிடிக்காத விஷயம். பூஜ்யத்தில் படுத்த முள்ளை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தால், கொஞ்ச நேரத்தில் அது தானாக எழும். யாரும் எதையும் இணைக்கவில்லை, சுவிட்ச் எதுவும் போடவில்லை. உள்ளே இருக்கிற ரசாயனப் படலத்தில் ஊறிப்போன மின்சாரம் மெதுவாகக் கசிந்து முனைகளுக்கு வருகிறது, அவ்வளவுதான். டிப்ளமாவில் படித்தேன், பரீட்சையில் எழுதினேன், மார்க்கும் வாங்கினேன். ஆனாலும் அந்த முள் நகர்கிறதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதுகுத்தண்டு சில்லிடும். அதனால்தான் கம்பி. கட்டி வைத்துவிட்டால் ஊறி வருவது வரவர வழிந்துபோய்விடும், முனைகளில் சேராது.

அண்ணனிடம் கடைசியாக வந்த வேலை ஒரு காந்தமேற்றும் இயந்திரம். ஸ்பீக்கர், மோட்டார் செய்கிறவர்கள் வைத்திருப்பார்கள். வெறும் இரும்புக் கட்டியை உள்ளே வைத்து, கண் சிமிட்டும் நேரத்துக்குப் பிரம்மாண்டமான மின்சாரத்தைச் சுருளில் பாய்ச்சினால் அது காந்தமாகி வெளியே வரும். அந்த மின்சாரத்தைச் சேர்த்து வைக்க, இடுப்பு உயரத்துக்கு மரச் சட்டத்தில் அடுக்கடுக்காகக் கெபாசிட்டர்கள். எல்லாவற்றையும் பட்டைகளால் இணைத்து, மேலே ஒரு சாண் இடைவெளியில் இரண்டு பித்தளை முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். முழுசாக ஏற்றினால் இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல். நின்றால் தானாகக் காலியாவதற்கென்று அதில் இருந்த ரெசிஸ்டர்கள் கருகிப் போயிருந்தன. கழற்றிப் போட்டுவிட்டோம், புதுசு வரவில்லை.

பல வருஷம் சும்மா கிடந்த கெபாசிட்டர்களை ஒரே மூச்சில் ஏற்றக் கூடாது, வெடிக்கும். விரதம் இருந்தவருக்குக் கஞ்சி கொடுப்பதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். அண்ணன் நாள் கணக்கில் அதை ஏற்றினார். கடைசி நாள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். "கை!" என்று கத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினார். தட்டில் கிடந்த திருகாணிகள் எல்லாம் ஒரே திசையில் எழுந்து நின்று விழுந்தன. என் கொண்டையில் ஊசி ஒன்று அசைந்தது. தலைக்குள் யாரோ விரல் விட்ட மாதிரி இருந்தது. எனக்கு அந்த இயந்திரத்தை அன்றே பிடிக்காமல் போய்விட்டது.

மறுபடி முழுசாக ஏற்றி, நாள் முழுக்க அப்படியே நிறுத்திப் பார்த்துவிட்டு, சாயங்காலம் பல்புகளில் காலி செய்தார். முள் பூஜ்யத்துக்கு வந்தது. கம்பியைக் கட்டினார், நுனியை மடக்கினார், இழுத்துப் பார்த்தார். மீட்டரின் கிளிப்புகளை மட்டும் எடுக்கவில்லை. காலையில் கம்பியைத் தொடுவதற்கு முன் முள்ளைப் பார்த்துக்கொள்வது அவர் பழக்கம். "நாளைக்கு டெலிவரிக்குச் சொல்லிடு" என்றார். நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

விடிந்தபோது அண்ணியிடம் இருந்து போன். பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். நான் ஆட்டோவில் போய்ச் சேரும்போது அவரைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அவர்மேல்தான். இரண்டு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னவர், டாக்டரிடம் போ என்றால் கேட்டாரா?

மாடிப்படி குறுகல். ஃப்ரீசர் பெட்டி ஏறாது. அதனால் பட்டறை நடுவில், மேசைகளை ஒதுக்கி, அவரைக் கிடத்தினோம். தலைமாட்டுக்குப் பின்னால், நகர்த்த முடியாத கனத்தோடு அந்தக் கெபாசிட்டர் அடுக்கு நின்றது. யாரோ அதன்மேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடினார்கள். பெட்டியின் கம்ப்ரசர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அது நிற்கிறபோதெல்லாம் கூடம் முழுக்க ஒரு கணம் அமைதியாகிவிடும், அப்போது எல்லோரும் பெட்டியைப் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். கண்ணாடி வழியாக அவர் கால்கள் தெரிந்தன. இரண்டு கட்டைவிரல்களையும் ஒரு வெள்ளைத் துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

அண்ணி முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை ஏன் இப்படி இறுக்கிக் கட்டியிருக்காங்க" என்று என்னிடம் கேட்டாள். என் அத்தை, அப்பாவின் அக்கா, எதற்கும் பதில் வைத்திருப்பவள், "எடுத்துட்டுப் போனதும் அங்கே எல்லாக் கட்டையும் அவுத்துருவாங்கம்மா. கட்டோட அனுப்பக் கூடாது. கட்டோட போனா ஆத்மா சுத்திக்கிட்டே இருக்கும்" என்றாள். அண்ணி தலையாட்டினாள்.

மத்தியானத்துக்குப் பிறகு எடுத்தார்கள். அண்ணன் மகன் தீச்சட்டியோடு முன்னால் நடந்தான். பட்டறை ஆட்கள், லேத்காரர்கள், தெரு ஆண்கள் எல்லோரும் கூடப் போனார்கள். மாவு மில்லில் அன்று மெஷினை நிறுத்திவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் நான் அப்படி ஒரு நிசப்தத்தைக் கேட்டதில்லை.

பெண்கள் மிஞ்சினோம். பிணம் கிடந்த இடத்தைக் கழுவி, தலை வைத்திருந்த இடத்தில் விளக்கேற்ற வேண்டும். மயானத்தில் இருந்து திரும்புகிறவர்கள் அந்த விளக்கைப் பார்க்க வேண்டும், அது வரை அணையக் கூடாது. மாவு மில் அம்மா வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தார். நான் பின்பக்கம் போய் மெயினை நிறுத்தினேன், ஈரத்தில் எதுவும் ஆகிவிடக் கூடாதென்று. ரொம்ப சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். திரும்பி வரும்போது தரை முழுக்க ஈரம். ஷட்டர் பாதி இறங்கியிருந்ததால் உள்ளே அரை வெளிச்சம்தான். அடுக்கின்மேல் போட்டிருந்த வேட்டியையும் நனைத்துப் பிழியவென்று எடுத்துவிட்டிருந்தார்கள்.

அண்ணி விளக்கேற்றினாள். சின்னக் காமாட்சி விளக்கு, பித்தளை. ஷட்டருக்கு அடியில் காற்று வந்து சுடரைத் தரையோடு படுக்க வைத்தது. கையால் மறைத்தாள், எடுத்தாள், வேறு பக்கம் வைத்தாள், அங்கேயும் நிற்கவில்லை.

"அணைஞ்சா நல்லதில்லம்மா" என்றாள் அத்தை, வழக்கம்போல உதவாமல்.

நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். பார்க்க வேண்டுமென்று பார்க்கவில்லை. கண் தானாக மேசைமேல் இருந்த மீட்டருக்குப் போனது. தினமும் பார்த்த கண்.

முள் எழுந்திருந்தது.

முதலில் எனக்கு அது மின்சாரமாகவே தோன்றவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அண்ணன் வந்திருக்கிறார் என்றுதான் தோன்றியது. மெயின் நிறுத்தியாயிற்று. பட்டறையில் ஒரு ஃபேன்கூட ஓடவில்லை. ஆள் போய், கூடம் கழுவியாயிற்று. ஆனால் அவர் மாட்டிவிட்டுப் போன மீட்டரில் முள் நேற்று படுத்திருந்த இடத்தில் இல்லை. இருநூறு வோல்ட்டைத் தாண்டி, எதையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல நின்றது. மயிர்க்கால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குத்திட்டு நின்றது எனக்கு. அப்புறம்தான் புத்தி வந்து, மீட்டரின் வயர் வழியாக என் பார்வை மெதுவாகப் போய், பித்தளை முனைகளில் நின்றது. நடுவில் கம்பி இல்லை.

அதே கணத்தில் அண்ணி விளக்கோடு நிமிர்ந்தாள். "காத்து படாத எடம் அதான்" என்று சொல்லிக்கொண்டே, ஈரக் காலோடு, ஈரக் கையோடு, அந்தப் பித்தளை விளக்கை இரண்டு முனைகளுக்கும் நடுவில் வைக்கப் போனாள். இன்னொரு கை பிடிமானத்துக்காக முனையை நோக்கி நீண்டது.

ஓடிப்போய் இழுக்க நேரமில்லை. இழுத்தால் நானும் சேர்ந்து போயிருப்பேன். என் வாயில் இருந்து அந்த ஒரு சொல்தான் வந்தது.

"கை!"

காலையில் இருந்து போனில் ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது. கரகரவென்று, கனத்து, என் குரலாகவே இல்லை. மாடியில் இருந்த உறவுக்காரப் பெண்கள் அன்றைக்கெல்லாம் "ஆம்பளைக் குரல் கேட்டுச்சே, யாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அண்ணியின் இரண்டு கைகளும் மார்புக்குப் போய்விட்டன. யோசித்துச் செய்யவில்லை, அவளால் யோசிக்க முடிகிற நாளா அது? பல வருஷத் தோசைகள் கருகினதற்கு அன்றுதான் பலன் கிடைத்தது. விளக்கு ஈரத் தரையில் விழுந்து உருண்டு அணைந்தது. எண்ணெய் வழிந்தது. அத்தை "அய்யய்யோ, வெளக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மாவு மில் அம்மா "ஏனாயித்து? ஏனாயித்து?" என்று கன்னடத்தில் கேட்டபடி வாளியோடு நின்றார்.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கைகளை மார்பில் வைத்தபடி மாடிப்படியைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். யாரைத் தேடினாள் என்பது எனக்குத் தெரியும்.

"அண்ணி, அப்படியே பின்னால வா. எதையும் தொடாத. பின்னால வா." வந்தாள். நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "கம்பி எங்க? யாரு கழட்டினது கம்பியை?"

"நான்தான்."

"உனக்குப் பைத்தியமா?"

"அவரை எடுத்துட்டுப் போனதும் அவுத்தேன். இதையும் அப்படியே கட்டி வெச்சிருந்தாரு. பாக்க முடில. அங்க எல்லாக் கட்டையும் அவுத்துருவாங்கன்னு அத்தை சொன்னாங்களே, இதை யாரு அவுப்பாங்கன்னு…" முந்தானையில் முடிந்து வைத்திருந்த கம்பியை எடுத்துக் காட்டினாள். அண்ணன் மடக்கின நுனி அப்படியே மடங்கி இருந்தது.

அவிழ்க்கும்போது அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் கட்டியிருந்த வரைக்கும் முனைகளில் ஒன்றும் இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய அடுக்கில் ஊறினது ஒரே ராத்திரிக் கட்டில் வடிந்துவிடாது. அவிழ்த்த பிறகுதான், நாங்கள் தரை கழுவிக்கொண்டிருந்தபோது, அது ஊறி ஊறி எழுந்திருக்கிறது. காலையில் ஒருவரைக் கிடத்தின இடத்தில் சாயங்காலம் இன்னொருவரைக் கிடத்தியிருப்போம். அப்போதுதான், அன்று முதல் முறையாக, ஓவென்று அழுதேன். கொஞ்ச நேரம் அவள்தான் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இழவு அவளுக்கு, ஆறுதல் எனக்கு.

பிறகு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, உலர்ந்த பலகை ஒன்றின்மேல் நின்று, கையுறை மாட்டி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பல்பு வரிசையின் கோல்களை ஒவ்வொன்றாக முனைகளில் மாட்டினேன். மற்றவர்களை வாசலுக்குப் போகச் சொன்னேன். அண்ணி போகவில்லை. தள்ளி நின்றுகொண்டாள்.

இரண்டாவது கோலை மாட்டினதும் பல்புகள் எல்லாம் சிவந்தன. பிரகாசம் இல்லை. அடுப்பில் கரி கனிந்த மாதிரி ஒரு சிவப்பு. பாதி இறங்கின ஷட்டருக்குள், கழுவின ஈரத் தரையில் அந்த வரிசை தலைகீழாகவும் தெரிந்தது. ஓசையே இல்லாமல் எரிந்தது.

"கரண்ட்டை நிறுத்திட்டேன்னு சொன்னியே" என்றாள் அண்ணி.

"நிறுத்திட்டேன்."

"அப்ப இது?"

சொல்லலாமா என்று தயங்கினேன். "நேத்து அண்ணா ஏத்தினது. காலி பண்ணிட்டாரு. ஆனா உள்ள கொஞ்சம் ஊறியிருக்கும். அது வெளிய வந்திருக்குது."

"அவர் வெச்சதா?"

"ஆமா."

அவள் கிட்டே வந்தாள். நான் தடுக்கவில்லை, கைகளைத்தான் பார்த்துக்கொண்டேன். கைகள் மார்பிலேயே இருந்தன. சிவப்பு மங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒவ்வொரு பல்புக்குள்ளும் ஒரு தலைமயிர் அளவு சிவப்பு, அதுவும் இருக்கிறதா, நம் கண்தான் அப்படிக் காட்டுகிறதா என்று தெரியாத அளவுக்கு. அப்புறம் அதுவும் இல்லை. அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"முடிஞ்சிதா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கும். பல்புல தெரியாது."

மீட்டரைப் பார்த்தேன். முள் கீழே, ஆனால் பூஜ்யத்துக்குச் சற்று மேலே.

"கம்பி கட்டாம உட்டா மறுபடி வருமா?"

"வரும். இதைவிடக் கம்மியா."

"அதையும் எரிச்சிட்டா?"

"அதைவிடக் கம்மியா வரும். வரவர ஒண்ணும் இருக்காது."

வெளியே யாரோ விளக்குக்குத் திரி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு, சின்னப் பிள்ளை எதையோ கேட்கிற மாதிரி, என்னிடம் கேட்டாள்.

"கொஞ்சம் இருக்கட்டுமே?"

எனக்கும் அதே ஆசைதான். அந்த முள்ளை அப்படியே விட்டுவிட்டுத் தினமும் வந்து பார்க்க வேண்டும், அதன் எதிரில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும் என்று இருந்தது. "இருக்கக் கூடாது அண்ணி" என்றேன்.

தடித்த செம்புக் கொக்கி போட்ட கோலை எடுத்து இரண்டு முனைகளுக்கும் குறுக்கே அழுத்தினேன். முள் பூஜ்யத்தில் படுத்தது. கோலை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு, "கம்பியைக் கொடு" என்று கையை நீட்டினேன்.

அவள் கொடுக்கவில்லை. "நீ பிடிச்சுக்கோ, நான் கட்டறேன்" என்றாள். "அவருக்குக் கட்டறப்ப என்னைக் கிட்ட விடல."

சேலையில் கைகளை நன்றாகத் துடைத்துக்கொண்டாள். முதல் முனையில் சுற்றினாள், பிறகு இரண்டாவதில். நுனியை, அவர் மடக்கின மடிப்பிலேயே மடக்கினாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். நான் சொல்லித் தரவில்லை. எத்தனை மத்தியானங்கள் சாப்பாட்டுத் தூக்கோடு அங்கே நின்று பார்த்திருப்பாளோ தெரியாது.

வாசலில் ஆண்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. அத்தை "வெளக்கு, வெளக்கு" என்று அவசரப்படுத்தினாள். அண்ணி தரையில் கிடந்த காமாட்சி விளக்கை எடுத்துத் துடைத்தாள், எண்ணெய் விட்டாள், ஏற்றினாள். அவர் தலை வைத்திருந்த இடத்திலேயே அதை வைத்துவிட்டு, காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.